நாற்பது பெர்மிச் சுவர்

வால்காரர் செத்தது முடிதிருத்தும் கடை நாற்காலியில். இடது பக்கம் முடிந்து கத்தரி வலது பக்கம் போகும் நேரத்தில் தலை சாய்ந்துவிட்டது. தூங்குகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் இன்னும் நாலு வெட்டு வெட்டியிருக்கிறார். மறுநாள் காலை கடைக்காரர் கத்தரியும் சீப்புமாக வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பாதியில விட்டது மனசு கேக்கலை. அந்தப் பக்கத்தையும் முடிச்சுக் குடுத்துடட்டுமா?"

கூடியிருந்த உறவுக்காரர்களுக்கு அழுவதா அதட்டுவதா என்று தெரியவில்லை. அவர் மனைவி மட்டும், "முடிச்சிடுங்க. காதுக்கு மேல ரொம்ப எடுத்துடாதீங்க, அவருக்குக் காது பெரிசு" என்றாள்.

இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அவர் பாதியில் போட்ட காரியங்கள் கணக்கில்லாதவை. அவற்றில் வேறு யாரோ வந்து முடித்துக் கொடுத்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அவள் தலையில் விடிந்தது.

வால்காரர் என்ற பெயர் அவர்கள் இருவரும் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் வைத்தது. சேட்டைக்காக வைத்த பெயர் இல்லை என்று அவர் சத்தியம் பண்ணுவார். ஒருவரும் நம்பியதில்லை. சில கோணங்கி அணுக்கருக்கள் எப்படி இருக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் கட்டிப் பார்ப்பது அவர் தொழில். சாதாரண அணுக்கரு ஒரு கட்டுக்கோப்பான குடும்பம். புரோட்டானும் நியூட்ரானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள் நியூட்ரான்களை அளவு மீறித் திணித்தால், கடைசியாக வந்த ஒன்றிரண்டுக்கு உள்ளே இடம் இருக்காது. அவை கோபித்துக்கொண்டு ஓடியும் போகாது, உள்ளேயும் வராது. தெருமுனையில் நின்றுகொண்டு "நானும் அந்த வீட்டு ஆள்தான்" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும். கருவைச் சுற்றியுள்ள அந்த மங்கலான சுற்றுவட்டாரத்துக்கு ஒளிவட்டம் என்று பெயர்.

"ஒளியும் கிடையாது, வட்டமும் கிடையாது. சாமி படம் பாத்த எவனோ வெச்ச பேரு. இருக்கிறது வால்தான்" என்பார் அவர்.

நியூட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்று சொல்லும் அலை ஒன்று உண்டு. நடுவிலிருந்து வெளியே போகப் போக அது தேயும், ஆனால் சட்டென்று முடியாது. அந்த நீட்சிதான் வால். வாலை ஒழுங்காகப் போட்டால் கருவின் பருமன் ஒழுங்காக வரும். வாலைக் கத்தரித்தால் போட்ட கணக்கு மொத்தமும் குப்பை. இதை அவர் கருத்தரங்கில் சொல்வார், கேன்டீனில் சொல்வார், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் சொல்வார்.

அந்தக் கணக்கைப் போடும் கணினி நிரலை இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள். எந்தத் துகளை எது எவ்வளவு இழுக்கிறது என்ற இயற்பியல் அவருடையது. அதை எண்களாக மாற்றி, கணினி மூச்சுத் திணறாமல் விடை கண்டுபிடிக்க வைப்பது அவளுடையது. கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு நாள், அவள் எழுதிய பகுதியில் அவர் கை வைத்து "அழகுபடுத்தி" விட்டார். பதிலுக்கு அவள் அவருடைய பகுதியில் இருந்த அத்தனை மாறிகளுக்கும் காய்கறிப் பெயர் வைத்துவிட்டாள். கத்தரிக்காயைப் புடலங்காயால் வகுத்தால்தான் விடை வரும் என்ற நிலை. பதினொரு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பன்னிரண்டாம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது. நிரலின் நடுவே ஒரு வரி நிறைய நட்சத்திரக் குறிகளைப் போட்டார்கள். அதற்கு மேலே அவர், கீழே அவள். ஒருவர் பாதியை மற்றவர் திறந்துகூடப் பார்க்கக் கூடாது. அடுப்படியில்கூட அவர்கள் அப்படி எல்லை பிரித்துக்கொண்டதில்லை. மூன்று துகள் சேர்ந்தால் ஒட்டும், அதில் எந்த இரண்டைத் தனியாக விட்டாலும் ஒட்டாது என்று சில ஒளிவட்டக் கருக்கள் உண்டு. நிரல் மூன்றாவதாக நடுவில் இல்லாவிட்டால் இந்தத் தம்பதியும் அந்த ரகம்தான் என்று நிலையத்தில் பேச்சு.

அவர் போய் ஆறு வாரம் ஆனதும் இயக்குநர் ஒரு யோசனையோடு அவள் அறைக்கு வந்தார். வால்காரர் கடைசியாக ஒரு கருவின் ஆரத்தைக் கணக்கிட்டிருந்தார். பெயரையும் எண்களையும் சேர்த்துச் சொன்னால் தொலைபேசி எண் மாதிரி இருக்கும் ஒரு கரு. விடை 3.42 பெர்மி. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் பெர்மி. கட்டுரை எழுதி முடிந்து, அனுப்புகிற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அதே கருவை வேறொரு ஊர் ஆய்வுக்கூடம் உண்மையில் அளந்து முடித்திருந்தது.

"வெள்ளிக்கிழமை நினைவுக் கூட்டத்துல முதல்ல சாரோட எண்ணைப் பெரிசாக் காட்டுறோம் மேடம். அப்புறம் அவங்க எண்ணைத் திறக்கிறோம். ரெண்டும் பொருந்திட்டா, அன்னைக்கே இந்தக் கணக்கு மாடலுக்குச் சாரோட பேரை வெச்சுடலாம். நான் எல்லார்கிட்டயும் பேசிட்டேன்."

"என்ன சார், குலுக்கல் மாதிரி சொல்றீங்க."

"ஜனம் வரணும்ல மேடம்."

அவளுக்கு இயக்குநரைப் பிடிக்காது. ஆனால் அந்த ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. அவருக்குப் பிள்ளை கிடையாது, பதவி கிடையாது, பரிசு கிடையாது. கூட்டத்தில் தூங்கும் நாலு பேர் எழுந்ததும் சொல்கிற ஒரு பெயராகவாவது அந்த மனிதர் மிஞ்ச வேண்டும். வேண்டும் என்று அவள் வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கொழுந்தன் வந்தான். டைல்ஸ் கடை வைத்திருப்பவன். அண்ணனின் கடைசிக் கட்டுரையிலிருந்து இரண்டு பக்கத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொண்டு வந்திருந்தான். ஒன்றில் 3.42 என்ற எண். இன்னொன்றில் ஒரு வரைபடம். சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. இந்தக் கோடு என்ன, ஆஸ்பத்திரில கடைசியாக் காட்டுவானே, அந்த மாதிரி நேரா போகுது? அண்ணனோட கூட்டத்துல இதை மாட்டினா நல்லாவா இருக்கும்?"

"வாயைக் கழுவுங்க தம்பி. இருக்கிறதுலயே பெருமையான படம் அதுதான்."

"இதுல என்ன பெருமை?"

அவள் சொன்னாள். வால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். கணினிக்கு அவ்வளவு இடம் கிடையாது. அதனால் கருவை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கணக்குப் போடுவார்கள். பெட்டியின் சுவர் வரைதான் வால் போகலாம். சுவர் வாலை இடிக்கிறதா என்று பார்க்க, சுவரைத் தள்ளித் தள்ளி வைத்து மறுபடியும் கணக்குப் போட வேண்டும். நாற்பது பெர்மி, அறுபது, எண்பது, நூறு. சுவர் எங்கே இருந்தாலும் விடை மாறாவிட்டால், சுவர் தொந்தரவு பண்ணவில்லை என்று அர்த்தம்.

"நாலு இடத்துலயும் அதே விடை. எட்டு இலக்கமும் மாறலை. பாத்தீங்களா?"

கொழுந்தன் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தான்.

"அண்ணி, எனக்கு உங்க படிப்பு தெரியாது. டைல்ஸ் தெரியும். எப்பேர்ப்பட்ட மேஸ்திரி நூல் பிடிச்சு ஒட்டினாலும் ஒரு மயிரிழை கோணும். நாலு டைலும் அச்சுல வார்த்த மாதிரி இருந்தா, அவன் நாலு டைல் ஒட்டலை. ஒரே டைலை நாலு தடவை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான்னு அர்த்தம். நான் ஏமாந்திருக்கேன், அதான் சொல்றேன்."

"போய் வேலையைப் பாருங்க."

"அதானே பாத்தேன். எங்க அண்ணனையே பேச விட்டதில்லை நீங்க" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அவன் போனபிறகு அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு கணினியைத் திறந்து, பெட்டிக்கு நாற்பது என்று கொடுத்து ஓட்டினாள். பதினொரு நிமிடத்தில் விடை. நூறு என்று கொடுத்தாள். பதினொரு நிமிடம். ஆயிரம் என்று கொடுத்தாள். ஆயிரம் கொடுத்தால் அந்த இயந்திரம் நினைவகம் போதாமல் அலறிப் படுத்திருக்க வேண்டும். அது சமர்த்தாகப் பதினொரு நிமிடத்தில் 3.42 என்றது.

தப்பு தன் பாதியில்தான். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. அவள் எழுதிய பாதியின் தொடக்கத்திலேயே இருந்தது: பெட்டி நாற்பதுக்கு மேல் போனால், வாயை மூடிக்கொண்டு நாற்பது என்றே வைத்துக்கொள். பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசும் அவளுடைய குறிப்பு: "இவர் 200 போடுவார். மெஷின் படுத்துக்கும். சொல்ல வேண்டாம்." தேதி இருபத்தொரு வருடம் பழையது.

நினைவு வந்தது. அப்போது மாடி முழுவதற்கும் ஒரே கணினி. வால்காரர் வாலை நீட்டுகிற ஆவேசத்தில் கண்டபடி பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இயந்திரம் உறைந்து நிற்கும். மாடியே அவள் அறை வாசலில் வந்து, "உங்க வீட்டுக்காரர் மறுபடியும் பண்ணிட்டார்" என்று முறையிடும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவள் ரகசியமாக ஒரு சுவர் கட்டினாள். அன்றைக்கு எடுத்துக்கொண்ட கருக்களுக்கு நாற்பது தாராளம். பிறகு வீடு மாற்றினார்கள், கணினி மாற்றினார்கள், அவருக்கு மூட்டு வலி வந்தது. அவள் சுவரை மறந்தே போனாள். இந்தக் கடைசிக் கருவோ நூலிழையில் ஒட்டிக்கொண்டிருப்பது. இதன் வால் மற்றதைவிட எவ்வளவோ நீளம். ஆயுள் முழுக்க வாலை வெட்டாதே வெட்டாதே என்று கத்திய மனிதரின் வாலை, இருபத்தொரு வருடமாக வீட்டுக்குள் இருந்தே ஒருத்தி வெட்டியிருக்கிறாள்.

புதன்கிழமை காலை சுவரை இடித்தாள். ஆனால் சுவரை மட்டும் தள்ளினால் போதாது. கருவின் பிணைப்பு ஆற்றல், அதாவது அது எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பது, சோதனையில் ஏற்கெனவே தெரிந்த எண். அது சரியாக வருவதற்காக, இந்தக் கருவில் ஒட்டியிருக்கும் மூன்று துகளுக்கும் பொதுவான ஒரு விசையை, திருகாணியைத் திருகுவதுபோல் கூட்டிக் குறைப்பார்கள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அதனால்தான் இத்தனை நாள் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சுவர் நசுக்கியதைத் திருகாணி மறைத்துவிட்டது. இப்போது திருகாணியையும் மாற்ற வேண்டும். அது நட்சத்திரக் கோட்டுக்கு மேலே, அவர் பாதியில் இருக்கிறது.

செத்தவரோடு போட்ட உடன்படிக்கை செல்லுமா என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "மன்னிச்சுக்கோங்க, செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரேன்" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மேலே போனாள்.

திருகாணி இருந்த இடத்திலேயே வரிசையாக அவர் குறிப்புகள் இருந்தன.

"60, 80, 100 எல்லாம் போட்டாச்சு. எட்டு இலக்கமும் அதே. இது இயற்கை பண்ற வேலை இல்லை, அவ பண்ற வேலை. ஞாயித்துக்கிழமை கேக்கணும்."

"ஞாயிறு. நல்லா சிரிச்சுப் பேசிட்டு இருந்தா. எதுக்குக் கெடுக்கணும். அடுத்த வாரம்."

"ஞாயிறு. அவளுக்குத் தலைவலி. கேட்டா எனக்கும் வரும்."

"ஞாயிறு. தைரியமா ஆரம்பிச்சேன். 'உன் பாதியில...'ன்னதும் ஒரு பார்வை பாத்தா. அப்படியே மாத்தி, உன் பாதியில தலையணை கம்மியா இருக்கேன்னுட்டேன். ரெண்டு தலையணை வாங்க வேண்டியதாப் போச்சு."

அந்தத் தலையணைகள் கட்டிலில் இன்னும் இருந்தன. இவருக்கு எதற்கு இப்படித் திடீர் அக்கறை என்று அவள் ஒரு வாரம் சந்தேகப்பட்டதும் நினைவிருந்தது.

கடைசிக் குறிப்பு ஒரு புதன்கிழமை காலை எழுதியது. எந்தப் புதன் என்று அவளுக்குத் தேதி பார்க்காமலே தெரியும்.

"கட்டுரை அனுப்புறதுக்குள்ள கேட்டே ஆகணும். இன்னைக்கே கேக்கறேன். முதல்ல முடி வெட்டிக்கிட்டு வரலாம். ஆள் பாக்கற மாதிரி இருந்தா திட்டு கம்மியா விழும்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தபோது அது சிரிப்பாக இல்லை. "ஒண்ணுமில்லை சார், தூசி" என்றாள். குளிரூட்டிய அறையில் தூசி ஏது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

"கோழை" என்று திரையைத் திட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, திருகாணியைத் திருகினாள்.

வியாழன் மதியம் எல்லா விடையும் வந்துவிட்டது. நாற்பதில் 3.42. அறுபதில் 3.70. நூறில் 3.83. நூற்றைம்பதிலும் இருநூறிலும் 3.85. கோடு ஏறி, வளைந்து, மூச்சு வாங்கி, பிறகு உட்கார்ந்தது.

இயக்குநர் அந்தக் கோட்டைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மேடம், எனக்கு ஒரு சேதி வந்திருக்கு. வெளியில சொல்லக் கூடாது. அவங்க எண்ணு மூணரைக்குப் பக்கத்துலயாம். அதாவது சாரோட 3.42 பொருந்துது. நீங்க இப்பப் போய் 3.85ன்னா..."

"3.85தானே சார் கணக்கு."

"கணக்கு ஓடியா போகுது? வெள்ளிக்கிழமை ஒரு நாள் சும்மா இருங்க. பேரு வெச்சுடுவோம். ஆறு மாசம் கழிச்சுப் பொடி எழுத்துல ஒரு திருத்தம் போட்டுக்கலாம். யாருக்கு நஷ்டம்?"

நாளைக்கு அந்தப் பெயர் ஒலிப்பதை அவள் சில நாளாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சும்மா இருப்பது ஒரு வேலையே இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவரே மூன்று ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்திருக்கிறார்.

"சார்," என்றாள் கடைசியில். "3.42 பொருந்தினா அது என் சுவருக்குக் கிடைக்கிற பேரு. அவருக்குக் கிடைக்கிறது இல்லை. அவரு பேரை என் தப்புக்கு வெச்சா, மேல இருந்து இறங்கி வந்து அடிப்பாரு. எனக்கு இல்லை, உங்களுக்கு."

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. மேடையில் வால்காரரின் படம். புகைப்படக்காரர் தலைக்குப் பின்னால் விளக்கு வைத்து எடுத்ததில் அசல் ஒளிவட்டமே விழுந்திருந்தது. பார்த்தால் அவரே வாய்விட்டுச் சிரித்திருப்பார். பக்கத்தில் கண்ணாடிக்குள் 3.42.

அவள் மேடையேறிப் பட்டைப் பேனாவை எடுத்து, கண்ணாடி மேலேயே அந்த எண்ணைக் குறுக்காக அடித்தாள். கீழே 3.85 என்று எழுதினாள். முன்வரிசையில் இயக்குநர் தண்ணீர் கேட்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். படுத்துக்கொண்ட மெஷின், ரகசியச் சுவர், நாலு தடவை போட்டோ எடுத்த டைல், ஞாயிற்றுக்கிழமைகள், தலையணை. தலையணைக்குக் கூடம் வெடித்தது. பின்வரிசையில் முடிதிருத்தும் கடைக்காரர் இருந்தார். முடி வெட்டப் போன காரணத்தைச் சொன்னபோது அவர் எழுந்து நின்றுவிட்டார், யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டதுபோல.

"அவரு வாலை அவரு வெட்டலை. நான் வெட்டினேன். அது தெரிஞ்சும் அவரு கேக்கலை. தப்புல பாதி என்னுது, பாதி அவருது. எப்பவும்போல" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அளந்தவர்களின் உறையை இயக்குநர் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"3.6," என்றார். "கூடக்குறைய 0.3."

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கழித்தல் தெரியும். 3.3லிருந்து 3.9 வரை எது வேண்டுமானாலும் இருக்கலாம். 3.42ம் உள்ளே, 3.85ம் உள்ளே. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அப்புறம் நிற்கவில்லை.

கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான். "அண்ணி, எனக்குப் புரிஞ்சது சரியா? அவங்க வெச்ச வலைக்குள்ள ரெண்டு மீனுமே விழுந்துடுச்சா?"

"ஆமா."

"அப்ப இதுக்கா இவ்வளவு ஆட்டம்?"

"ஆமா தம்பி."

இயக்குநர் போகும்போது, "சும்மாவே இருந்திருக்கலாம் மேடம்" என்றார். அந்தக் கணக்கு மாடலுக்கு அன்று யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கும் தீர்மானத்தைச் சிரிப்பில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அது அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை கட்டுரையைத் திருத்தினாள். கோணல் கோட்டைப் போட்டாள். பழைய எண் ஏன் தப்பு என்று பொடி எழுத்தில் இல்லாமல் சாதாரண எழுத்திலேயே எழுதினாள். அவர் பெயர் முன்னால், அவள் பெயர் பின்னால். பொத்தானை அழுத்தினாள்.

பிறகு நட்சத்திரக் கோட்டைத் தாண்டி மறுபடியும் மேலே போனாள். அவருடைய கடைசிக் குறிப்புக்குக் கீழே, கணினி படிக்காமல் தாண்டிப் போகும் வரியாகப் பார்த்து, அதே ஆங்கில எழுத்துத் தமிழில் தட்டினாள்:

"கேட்டிருக்கலாம். திட்டித்தான் இருப்பேன். அப்புறம் திருத்தியிருப்பேன். முடி நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும்."